சிங்க்குக்குக் கீழே ஒரு வரலாறு

போன பெருநாளைக்கு வெளிநாட்டுல இருந்து வந்த மாமா ஒரு மெஷின் கொண்டு வந்தார். குசினி சிங்க்குக்குக் கீழே பூட்டினால் மிச்சச் சோறு, மரக்கறித் தோல் எல்லாத்தையும் அரைச்சு பைப்புக்குள்ள அனுப்பிடுமாம். மடவளையில எங்கட வீடு உம்மும்மாட காலத்து வீடு. பூட்ட வந்த பைப் பாஸ் கேட்டது ஒரே கேள்வி: "இந்தத் தண்ணி கடைசியா எங்க போகுது?"

பின்வளவுல உள்ள கழிவுக்குழிக்கு. மாமா பேசாம பெட்டியை மூடிட்டார்.

இந்த மெஷினின் வரலாறே அந்தக் கேள்வியிலதான் இருக்கு. 1927இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ரசீன் நகரில் ஜோன் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இதை உருவாக்கினார். 1938இல் இதை விற்பதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கினார். வீதிக்கு அடியில் நகரத்தின் கழிவுநீர்க் குழாய் ஓடுது என்ற நம்பிக்கையில் பிறந்த பொருள் இது. அங்கேயும் பயம் இல்லாமல் இல்லை. பழைய குழாய்கள் தாங்காது என்று நியூயோர்க்கின் பெரும்பகுதியில் இதற்குத் தடை இருந்தது. அது நீங்கியது 1997இல்தான்.

எங்கட குழிக்கு அந்த வசதி இல்லை. அரைச்ச சோறு அடியில படியும், எண்ணெய்ப் பசை மண்ணை அடைக்கும், கடைசியில தண்ணி மேல வரும். அதோட அமெரிக்க மெஷினுக்கு 120 வோல்ட், எங்கட வீட்டுக்கு வாறது 230.

சரி, இதுக்கு முந்தி என்ன செஞ்சாங்க? உம்மும்மா சொல்றா, சோறு கோழிக்கு, தேங்காய்ச் சக்கையும் பலாத் தோலும் வாழை அடிக்கு. 'குப்பை' என்று வெளியே போக ஒண்டும் இருக்கல்லையாம். பிறகு பொலித்தீன் பை வந்தது. மக்குறதையும் மக்காததையும் ஒண்டா முடிஞ்சு வீதியோரம் வெச்சோம். கண்ணுக்குத் தெரியாமப் போனா முடிஞ்சுது என்று நினைச்சோம்.

முடியல்ல. கண்டி நகரத்தின் குப்பை மகாவலிக் கரையோரம் கொஹாகொடையில மலையா நிக்குது. அங்கிருந்து வடியிற தண்ணி ஆற்றைக் கெடுக்குது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்காங்க. கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லையில அப்படியொரு மலை 2017 ஏப்ரல் 14ஆம் தேதி, புத்தாண்டு நாளில், வீடுகள் மேல சரிஞ்சு விழுந்தது. 30 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த மலையில பெரும் பங்கு யாரோ ஒருத்தர்ட குசினியில மிஞ்சினதுதான்.

அதனால இப்ப எங்கட வாழை அடியில, அடி வெட்டின, பக்கமெல்லாம் துளை போட்ட ஒரு பழைய பீப்பா நிக்குது. ஒரு தட்டு மிச்சம், ஒரு தட்டு காய்ஞ்ச இலை. உம்மும்மா பார்த்துட்டுச் சிரிச்சா. அவட பழைய முறைக்கு நாங்க ஒரு மூடி மட்டும்தான் போட்டிருக்கோமாம்.

உங்க வீட்டு சிங்க்குக்கும் ஏதாவது மாத்துறதா இருந்தா, முதல்ல பைப் பாஸ் கேட்ட கேள்வியைக் கேளுங்க.