சர்வதேசப் பாதுகாப்பு ஆய்வு

நாடுகளுக்கிடையே யுத்தம் மூளும் காரணங்களையும் அதைத் தவிர்க்கும் உபாயங்களையும் ஆராய்ந்து, அவ்வாறு பிறந்த சித்தாந்தங்களை அரசாங்கங்களின் நடைமுறையோடு உரைத்துப் பார்க்கும் கல்வித்துறை. இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குப் பின், அணுகுண்டு விளைத்த பீதியினூடே அமெரிக்காவில் இது தனித்துறையாக உருப்பெற்றது. இனி ராணுவத்தின் தலையாய கடமை யுத்தத்தைத் தடுப்பதே என்று அமெரிக்க அறிஞர் பெர்னார்டு பிராடி 1946-இல் வாதித்தார்.

சித்தாந்தம் காரியத்துக்கு உதவிய விதத்துக்குச் சிறந்த உதாரணம், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலுள்ள ராண்ட் ஸ்தாபனத்தில் நடந்த ஆய்வு. அயல்நாடுகளில் அமெரிக்க விமானத் தளங்களை எங்கே அமைக்கலாம் என்ற, பார்வைக்குச் சாதாரணமான கேள்வியொன்று 1951-இல் தர்க்கமும் கணிதமும் பயின்ற ஆல்பர்ட் வோல்ஸ்டெட்டரிடம் வந்தபோது, அவர் செலவுக் கணக்கோடு நின்றுவிடாமல், பகைவன் முந்திக்கொண்டு தாக்கினால் அத்தளங்களில் நிற்கும் குண்டுவீச்சு விமானங்களில் எத்தனை மிஞ்சும் என்று வினவினார். சோவியத் எல்லைக்கு அருகில் இருப்பதே பலம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அந்த அண்மையே அபாயம் என்று அவருடைய கணக்கு காட்டிற்று. விமானங்கள் தாய்நாட்டில் நிலைகொள்ள, வெளித் தளங்கள் எரிபொருள் நிரப்புவதற்கு மட்டும் பயன்படலாம் என்பது 1954-இல் முடிந்த அறிக்கையின் யோசனை.

சித்தாந்தம் பயன்பட்ட இன்னோர் இடம், பகைவரிடையேயான செய்தித்தொடர்பு. பகைவர்க்குள்ளும் பொது நன்மை உண்டு என்று 1960-இல் எழுதிய பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங், வாஷிங்டன், மாஸ்கோ ஆகிய இரு தலைநகரங்களுக்கும் இடையே நேர்த்தொடர்பு வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் ஒருவர். அதன் அவசியத்தை 1962 அக்டோபரின் கியூபா ஏவுகணை நெருக்கடி மெய்ப்பித்தது: உலகமே நடுங்கிய அந்நாட்களில், வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினினின் சங்கேதச் செய்திகளை வாங்கிப்போகத் தந்திக் கம்பெனியின் பையன் சைக்கிளில் வந்தானாம்! மறு ஆண்டு ஜூனில் ஜெனீவாவில் அந்த நேர்த்தொடர்புக்கான உடன்பாடு கையெழுத்தாயிற்று. சினிமாக்களில் காண்கிற சிவப்புத் தொலைபேசி வெறும் கற்பனை. லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாக மாஸ்கோவை எட்டிய அந்தக் கம்பியின் இரு முனைகளிலும் இருந்தவை தந்தித் தட்டச்சு இயந்திரங்களே.

ஆனால் கேள்வி கேட்பதற்கு வாய்த்த கருவியான இச்சித்தாந்தத்தை ஆட்சியாளர் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டபோது விபரீதம் விளைந்தது. வலியைப் படிப்படியாக ஏற்றினால் எதிரி பணிவான் என்ற எண்ணத்தோடு 1965 மார்ச்சில் அமெரிக்கா வட வியட்நாம்மீது தொடங்கிய குண்டுவீச்சு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தும் ஹனோய் பணியவில்லை. எதிரி எதைப் பெரிதென மதிக்கிறான் என்பதை அந்தக் கணக்கு அறியவில்லை என்றே கொள்ளவேண்டும். 1970 மே மாதத்தில், அமெரிக்கப் படை கம்போடியாவில் புகுந்தவுடன், ஷெல்லிங் ஹார்வர்டு பேராசிரியர் சிலருடன் வாஷிங்டனுக்குச் சென்று, முன்னாளில் தம்மோடு பணியாற்றிய, அப்போது அதிபரின் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த கிஸிஞ்சரிடம் அந்தப் படையெடுப்பைக் கண்டித்துவிட்டுத் திரும்பினார்.