கீனா: புன்னையின் மலைநாட்டு உறவு

மொன்றியலில் நாம் வாழும் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருக்களில் முன்பு நிழல் தந்த ஆஷ் மரங்கள் பல இன்று இல்லை. 2011 இல் இந்நகரில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டின் புழுக்கள் பட்டைக்குள் குடைந்து அம்மரங்களைக் கொல்கின்றன. இலங்கையின் மலைக்காட்டிலும் ஒரு மரம் இப்படிப் பட்டு வருகிறது. அதன் பெயர் கீனா.

கரையோரக் கிராமங்களில் பிறந்த எம்மில் பலர் புன்னையை அறிவோம்: தடித்து மினுங்கும் இலை, மஞ்சள் நடுவைக் கொண்ட வெள்ளைப் பூ. கீனாவும் அதே பேரினம்தான். தாவரவியற் பெயர் கலோபில்லம் வாக்கெரி. புன்னை பல நாட்டுக் கரைகளில் வளரும். கீனாவோ இலங்கைக்கு மட்டுமே உரியது.

நுவரெலியா மாவட்டத்தின் ஹோட்டன் சமவெளி அதன் முக்கிய வாழிடம். கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலான அந்த மேட்டுநிலம் 1988 இல் தேசியப் பூங்காவானது. 2010 இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. கடுங்காற்றால் அங்கு மரங்கள் குட்டையாக, முறுகிய கிளைகளோடு, குடை விரித்தாற்போல் நிற்கும். அடிமரமெங்கும் பாசியும் பன்னமும் ஓர்க்கிட்டும் படர்ந்திருக்கும். மூடுபனி இலைகளிலும் பாசியிலும் படிந்து, சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறங்கும். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

1970கள் தொட்டு இக்காட்டில் மரங்கள் நுனியிலிருந்து கருகிப் பட்டுப்போவது பதிவாகியுள்ளது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் கீனாவும் ஒன்று. மொன்றியலில் ஒரே வண்டைக் குற்றஞ்சாட்டலாம், அங்கு அப்படியல்ல. மண்ணின் ஈரம் குறைதல், மண்ணின் சத்துக் குறைவு, காற்று மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கின்றனர். பட்ட இடங்களில் முளைக்கும் கன்றுகளை மரைகள் மேய்வதால் காடு மீள்வதும் தாமதமாகிறது.

விடுமுறைக்கு ஊர் போகும் எமது குடும்பங்கள் பல, ‘உலக முடிவு’ பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. அடுத்த முறை வழியில் சற்று நின்று பிள்ளைகளுக்குக் கீனாவைக் காட்டுவோம். பாதையை விட்டு இறங்கி நாற்றுகளை மிதிக்காதிருப்போம். பொலித்தீனை உள்ளே கொண்டுசெல்லாதிருப்போம். மகாவலி கடலோடு சேருவது திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில். அந்தக் கரைவரை வரும் நீரில் ஒரு பங்கு, இந்த மரங்களின் இலையிலிருந்து சொட்டியது.