சர்க்கரைகளின் ரசாயனம்

கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் வித்தை பாரத நாட்டில் மிகத் தொன்மையானதாயினும், அப்பதார்த்தத்தின் இயல்பை ரசாயன முறையில் ஆராயும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில்தான் தலைப்பட்டது. 1747-இல் பெர்லின் நகரத்து மார்க்ராஃப், பீட் கிழங்கைச் சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சிப் பெற்ற ஸ்படிகங்களை மைக்ராஸ்கோப்பில் நோக்கி, அவை கரும்புச் சர்க்கரையே என்று நிலைநாட்டினார். 1811-இல் ரஷ்யாவில் கிர்க்கோஃப், மாவுப் பொருளை நீர்த்த கந்தகத் திராவகத்துடன் கொதிக்கவைத்துச் சர்க்கரையாக்கினார். 1819-இல் பிரான்சில் பிராக்கனோ, மரத்தூளையும் கந்தல் துணியையுமே அத்திராவகத்தால் சிதைத்துச் சர்க்கரை கண்டார். உண்ணும் மாவும் உடுக்கும் துணியும் குளூக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்னும் உண்மை இவ்வாறு வெளிப்படலாயிற்று.

பிராணிகளின் உடலிலும் மாவுப் பொருளுக்கு இணையானதொரு சேமிப்பு உண்டென்று காட்டியவர் கிளாட் பெர்னார். 1855-இல் அவர் நாயின் கல்லீரலினூடே நீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் எஞ்சாதவாறு கழுவி வைக்க, மறுநாள் அதே ஈரலில் சர்க்கரை மிகுந்திருந்தது. உயிர் பிரிந்த உறுப்பு எதிலிருந்து அதை உண்டாக்கிற்று என்ற விசாரமே, 1857-இல் கிளைகோஜன் என்னும் அச்சேமிப்புப் பொருளை அவர் பிரித்தெடுக்கக் காரணமாயிற்று.

எனினும் குளூக்கோஸின் அமைப்பு புலப்படவில்லை. ஆறு கரி அணுக்கள் கொண்ட அவ்வகைச் சர்க்கரை பதினாறு விதமாய் அமையலாம் என்று வான்ட் ஹாஃப்பின் கொள்கை கூறிற்று. சோதிக்கப் புகுந்தோர்க்கோ, சர்க்கரைகள் ஸ்படிகமாகாமல் பாகாகவே நின்றுவிடும் சங்கடம். ஜெர்மானியரான எமில் ஃபிஷர், தாம் 1875-இல் கண்டுபிடித்த ஃபினைல்ஹைட்ரசீனைச் சர்க்கரைக் கரைசலுடன் சேர்த்துச் சுடவைத்தபோது, மஞ்சள் நிற ஸ்படிகங்கள் படிந்தன. குளூக்கோஸ், மானோஸ், ஃபிரக்டோஸ் மூன்றும் ஒரே ஸ்படிகத்தைத் தந்தமையால், முதலிரு கரி அணுக்கள் நீங்கலாக மற்றவற்றில் அவை ஒத்தவை என்று தெளிந்து, அடுக்கடுக்கான தர்க்கத்தால் 1891-இல் குளூக்கோஸின் அமைப்பை வகுத்தார். இதற்கு ஈடான தர்க்க சாதனை ரசாயன சாஸ்திரத்தில் அரிது. அந்த ஃபினைல்ஹைட்ரசீனின் நச்சுத்தன்மை அவர் தேகத்தை வெகுவாகப் பாதித்தது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான அமைப்புகளில் வலம் எது, இடம் எது என்பதை மட்டும் அவர் அனுமானமாகவே கொண்டிருந்தார். 1951-இல் பைஃபூட் எக்ஸ்-கதிர்களால் சோதித்தபோது, அது சரியென்றே முடிந்தது. அதிர்ஷ்டம் என்பதன்றி வேறென்ன சொல்வது!

குளூக்கோஸ் பெரும்பாலும் வளைய வடிவினது என்பதை இங்கிலாந்தின் ஹாவர்த் 1920-களில் தெளிவுபடுத்தினார். வளையங்கள் ஆல்ஃபா முறையில் கோக்கப்பட்டால் மாவுப் பொருள். பீட்டா முறையில் கோக்கப்பட்டால் மரத்திலும் துணியிலும் உள்ள செல்லுலோஸ். மனிதனின் ஜீரண நீர்கள் முன்னதையே அறுக்க வல்லன. வைக்கோலை மெல்லும் பசுவும் தன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் தயவாலேயே செல்லுலோஸைச் செரிக்கிறது. உயிர்கள் இச்சங்கிலிகளைக் கோக்கும் விதத்தை ஆராய்ந்தவர் அர்ஜென்டினாவின் லெலோயர். குளூக்கோஸ் நேரே சங்கிலியில் சேராமல், நியூக்ளியோடைடு ஒன்றுடன் பிணைந்து சென்றே சேர்கிறது என்று அவர் கண்டதற்காக 1970-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.