கல்லிலும் விசையிலும் திருத்தம்

காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உத்திரமேரூரைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திராத மாணவர் இலர். குடவோலை முறையைக் கூறும் சாசனம் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இருக்கிறது. ஆனால் சாசனம் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கருதிப் பார்ப்பவர் சிலரே. இரண்டும் முதற் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12-ஆம் ஆட்சியாண்டில், 919-இல் பொறிக்கப்பட்டது. மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல்.

வாரியத்துக்கு வருபவர் 30 வயதுக்கு மேற்பட்டு 60-க்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும் என்றது முதற் சாசனம். இரண்டே ஆண்டுகளில் சபையார் அதனை மாற்றி, 35-க்கு மேல் 70-க்குள் என்று வகுத்தனர். கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் விலக்கி விதியை இறுக்கினர். இன்று நாமாயின் எண்கள் இரண்டை மாற்றிச் சில வரிகளைச் சேர்த்திருப்போம். கல்லில் அஃது இயலுமோ? ஏற்பாடு முழுவதையும் புதிதாகவே வெட்ட வேண்டியிருந்தது. பழையதைச் சுரண்டி அழிக்காமலும் விட்டனர். சபையின் முதல் எண்ணமும் மாறிய எண்ணமும் இன்று நம் கண்முன் நிற்பது அதனாலேதான்.

இச்சாசனங்களை ஒரு மாணவர் கணிப்பொறியில் ஏற்றி மொழிபெயர்க்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாசனத் தமிழில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. மெய் எது, உயிர்மெய் எது என்று படிப்பவரே தேர வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி ஏற்பட்ட தமிழ்99 விசைப்பலகையோ, ஒரே மெய்யெழுத்து விசையை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளியிடுகிறது. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் அவ்வாறே. கல்தச்சன் விட்ட புள்ளியைப் பொறி இட்டுத் தருகிறது எனலாம்.

எழுதியதைத் திருத்தும் விசைகளின் கதை வேறு. பத்திரிகை அலுவலகங்களில் கத்தரிக்கோலால் தாளை வெட்டிப் பசையால் வேறிடத்தில் ஒட்டுவது வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில், 1970-களின் இடைப்பகுதியில், லாரி டெஸ்லர் என்பவர் டிம் மாட்டுடன் சேர்ந்து அவ்வேலையைக் கணிப்பொறித் திரைக்குக் கொண்டு வந்தார். பின்னர் ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா என்னும் பொறியில், விசைப்பலகையின் அடிவரிசையில் அடுத்தடுத்துள்ள நான்கு எழுத்துகள் இப்பணிக்கு அமைந்தன. வெட்ட எக்ஸ், அஃது அடித்தல் குறி. பிரதி எடுக்க சி. ஒட்டுவதற்கு வி, அதன் வடிவம் இடைச்செருகற் குறியைத் தலைகீழாக்கியது போன்றது. செய்ததை மீட்க இசட். ஒரு துணைவிசையோடு சேர்த்து இவற்றை அழுத்தும் பழக்கம் பிற்பாடு உலகெங்கும் பரவிற்று. 2020-இல் டெஸ்லர் காலமானார்.

அதே ஆராய்ச்சிக் கூடத்தில் மார்ட்டின் கே என்ற மொழியியலறிஞரும் பணியாற்றினார். மொழிபெயர்ப்பைப் பொறியிடமே ஒப்படைத்துவிடுவது தகாது என்று 1980-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். திரையை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் மூலமும் மறுபாதியில் பெயர்ப்பும் அமைய வேண்டும். மனிதன் பெயர்க்க, பொறி எழுத்தனைப் போல் உடனிருந்து உதவ வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் ஏறத்தாழ இவ்வமைப்பையே கொண்டுள்ளன. முன்பு பெயர்த்த வாக்கியங்களை அவை நினைவில் வைத்திருக்கின்றன. ஒப்பான தொடர் வந்தவுடன் ஓரிரு விசைகளில் பழைய பெயர்ப்பை அதற்குரிய இடத்தில் இட்டு விடுகின்றன.

இங்கேதான் நம் மாணவர் சற்று நிற்க வேண்டும். உத்திரமேரூர்ச் சாசனத்தில் ஏரி வாரியம் என்று வருகிறது. வெங்கையா இச்சாசனங்களைத் தொல்பொருள் துறையின் 1904-05-ஆம் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வந்த தம் நூலில் மீண்டும் ஆராய்ந்தார். வாரியம் என்பதற்குக் கமிட்டி என்ற ஆங்கிலச் சொல் இவ்வாராய்ச்சிகளின் வழியே நிலைத்தது. அந்தக் கமிட்டி இன்றைய நகரசபைக் கமிட்டி அன்று; நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவரே அதில் இடம்பெறத் தக்கவர் என்று சாசனமே விதிக்கிறது. சொல் ஒன்று நிலைத்துவிட்டால், இவ்வேறுபாடு வாசகர் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படுவதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. பழைய சொல்லை நாம் அரசாங்கத் தமிழில் மறுபடி வழங்கி வருகிறோம்: குடிநீர் வடிகால் வாரியம், வீட்டுவசதி வாரியம். ஆங்கிலத்தில் இவை போர்டு. அரசாங்கக் கடிதங்களால் நிரம்பிய நினைவையுடைய மென்பொருள், உத்திரமேரூரின் ஏரி வாரியத்தைக் கண்டவுடன், ஆறு பேர் ஓராண்டுக் காலம் ஏரியைப் பார்த்த அமைப்பை, தலைமையகமும் பொறியாளர்களும் உடைய ஒரு போர்டாகத் திரையில் இட்டு விடும். மாணவரின் விரல் உறுதி செய்யும் விசைக்குப் போகாமல் இசட் எழுத்தை நாடினால், அச்சொல் வந்த சுவடே இல்லாமல் மறையும். சுவரிலோ 919-உம் 921-உம் இன்னமும் ஒருசேர நிற்கின்றன.