இசைத் திறனாய்வும் கலைச்சொற்களும்

குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்குப் பெயர் வழங்கிய மரபைச் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் காண்கின்றோம். பிற்காலத்தில் வழக்கருகிய இச்சொற்களை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917) விபுலாநந்த அடிகளின் யாழ் நூலும் (1947) விரிவாக ஆராய்ந்தன. இடைப்பட்ட 1930களில் கல்கி, ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்கள், கச்சேரியில் கேட்டதைப் பொது வாசகருக்கு எடுத்துரைத்தன.

வரையறையும் கேள்வியனுபவமும் நம் வகுப்பறைகளில் இணைவதில்லை. சுரப்பெயர்களை மனனம் செய்த மாணவரும் கட்டுரையில் ‘பாடல் இனிமையாக இருந்தது’ என்றே எழுதுகின்றனர். ஆலாபனையில் பாடகர் எச்சுரத்தில் நின்றார், பல்லவியை எக்காலத்தில் எடுத்தார் என முதலில் கேட்டறியச் செய்து, அதன்பின் அவற்றுக்குரிய கலைச்சொற்களைக் கற்பித்தலே பயன் தருமென நாம் கருதுகின்றோம்.