கெர்னல் துவக்கம்
கணினியை இயக்கியதும் அதன் நிலைபொருளான யூஇஎஃப்ஐ துவக்க ஏற்றியை அழைக்கிறது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலை நினைவகத்தில் ஏற்ற, கெர்னல் டிரைவர்களை எழுப்புகிறது. இவ்வரிசையில் முந்தி நுழைவது பழுதானால் பின்னால் வரும் எதுவும் காப்பாற்றாது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பைப் படித்த அதன் டிரைவர் கெர்னலையே வீழ்த்தியது. மறுபடி துவக்கினாலும் அதே நீலத்திரை. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன; சிங்கப்பூர் சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவுசெய்தன. துவக்கத்தைக் காக்கும் செக்யூர் பூட் என்ன செய்தது என்று சிலர் கேட்பர். அது கையொப்பத்தைச் சரிபார்க்கும், தரத்தை அல்ல. வந்ததோ டிரைவரல்ல, அது படிக்கும் தரவு. தீநிரலுக்கு முன்பே பாதுகாப்பு மென்பொருள் எழ வேண்டும் என்ற வாதம் நியாயமே. ஆனால் அதற்குச் சிறு டிரைவர் போதும், தரவை அலசும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே தள்ளலாம். அன்றைய மீட்பு: சேஃப் மோடில் துவக்கி, ‘சி-00000291’ எனத் தொடங்கும் கோப்பை அழிப்பது, பெரும்பாலும் ஒவ்வொரு கணினியாக.