மலாவாத்திக் குன்றிலிருந்து தென்னமரம் வரை



வரலாறு என்றதும் நம் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலைச் சொல்வார்கள். மலாக்காக் கோட்டையைச் சொல்வார்கள். "நம்ம கோலசிலாங்கூர்ல என்னா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "குரங்கு இருக்கு, மீன் கடை இருக்கு, மின்மினிப் பூச்சி இருக்கு" என்று பதில் வரும். அதுவும் உண்மைதான். ஆனால் நாம் குரங்குக்குக் கடலை போட்டுவிட்டு இறங்கி வருகிறோமே, அந்தக் குன்றின் மேல்தான் சிலாங்கூர் அரசு வளர்ந்தது. அந்தக் கதையையும், அதற்குப் பக்கத்திலேயே நடந்த நம் கதையையும் இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

குன்றும் கோட்டையும்

சுலாவெசித் தீவிலிருந்து வந்த பூகிஸ் வம்சத்தைச் சேர்ந்தவர் ராஜா லுமு. 1766ஆம் ஆண்டில் பேராக் சுல்தான் அவருக்கு முடிசூட்டி வைத்தார். அவரே சுல்தான் சலேஹுடின், சிலாங்கூரின் முதல் சுல்தான். கடலும் ஆறும் சேரும் இடத்தில் உயர்ந்து நிற்கும் குன்று என்பதால், வருகிற கப்பலும் போகிற படகும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். ஈய வியாபாரத்துக்கு அதைவிட நல்ல காவல் இடம் ஏது?

இரண்டாம் சுல்தான் இப்ராஹிம் காலத்தில் டச்சுக்காரர்களோடு போர் மூண்டது. 1784ஆம் ஆண்டு சுல்தான் இப்ராஹிம், ரியாவ் வீரர் ராஜா ஹாஜியோடு சேர்ந்து மலாக்காவை முற்றுகையிட்டார். ராஜா ஹாஜி போரில் மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் டச்சுக் கப்பல்கள் கோலசிலாங்கூருக்கு வந்து குன்றைப் பிடித்தன. தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் என்பவரின் பெயரால் அதற்கு 'ஆல்டிங்ஸ்பர்க்' என்று பெயரும் வைத்தார்கள்.

பெரியவர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். இதே டச்சுக்காரர்கள்தான் நம் நாகப்பட்டினத்தையும் ஆண்டவர்கள். 1781இல் ஆங்கிலேயர் அதைப் பறித்துக்கொண்டார்கள். 1784இல் உடன்படிக்கை போட்டு டச்சுக்காரர்கள் அதை விட்டுக்கொடுத்தார்கள். அங்கே ஒரு துறைமுகத்தை இழந்த அதே ஆண்டில் இங்கே ஒரு துறைமுகத்தைப் பிடித்தார்கள். பிற்காலத்தில் நம் பாட்டன் பூட்டன் பலர் கப்பலேறியது அந்த நாகப்பட்டினத்திலிருந்துதான்.

சுல்தான் இப்ராஹிம் சும்மா இருக்கவில்லை. பகாங் சென்று துணை தேடினார். 1785 ஜூன் மாதம் ஓர் இரவில் கோட்டையைத் தாக்கினார். டச்சுக்காரர்கள் கப்பலுக்கு ஓட்டம் பிடித்தார்கள். பிறகு அவர்கள் ஆற்று வாயை மறித்து நின்றதால், 1786இல் சமாதானம் ஏற்பட்டது. ஆனாலும் குன்று சுல்தான் கையிலேயே இருந்தது. முதல் மூன்று சுல்தான்களும் இன்று அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளே, அந்த இடத்தில் சத்தம் போடாமல் மரியாதையோடு நடந்துகொள்ள வேண்டும்.

கல்லும் கிணறும்

குன்றின் மேல் ஒரு தட்டையான கல் இருக்கிறது. 'பத்து ஹம்பார்' என்பது அதன் பெயர். அரசனுக்கு இரண்டகம் செய்தவர்களின் தலை அதன் மேல்தான் வெட்டப்பட்டது என்று கதை சொல்கிறார்கள். 'நச்சுக் கிணறு' என்று ஒரு கிணறும் உண்டு. மரப்பாலையும் மூங்கில் குருத்தின் சுணையையும் கலந்த தண்ணீரில் குற்றவாளியைக் கழுத்தளவு இறக்கி விடுவார்களாம். மூங்கில் குருத்தை உரித்துக் குழம்பு வைத்த அம்மாமார்களுக்கு அந்த அரிப்பு எப்படியிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை!

இவை செவிவழிக் கதைகள். சுல்தான் முடிசூடியதற்கும் டச்சுக்காரர் வந்ததற்கும் ஏடு உண்டு, ஆண்டு உண்டு. கல்லுக்கும் கிணற்றுக்கும் வாய்ச்சொல்தான் சாட்சி. இரண்டையும் கேளுங்கள், ஆனால் எது வரலாறு, எது கதை என்று பிரித்தறியப் பழகுங்கள்.

பீரங்கியும் கலங்கரை விளக்கமும்

1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் இளவரசர்களுக்குள் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தச் சமயத்தில், ஒரு சீனக் கப்பலைக் கொள்ளையர் பிடித்து ஆட்களைக் கொன்றார்கள் என்பதைக் காரணம் காட்டி, 1871 ஜூலையில் 'ரினால்டோ' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் கோலசிலாங்கூரைக் குண்டு வீசித் தாக்கியது. பிறகு 1874இல் ஆங்கிலேயர் ஆலோசனை சொல்ல வந்தார்கள். ஆட்சியும் அவர்கள் கைக்குப் போயிற்று. குன்றின் மேல் நாம் படம் பிடித்துக்கொள்ளும் கலங்கரை விளக்கம் அவர்கள் 1907இல் கட்டியது. அதற்கும் ஆல்டிங்ஸ்பர்க் என்றே பெயர். கட்டியவன் ஆங்கிலேயன், பெயரோ டச்சுக்காரன் பெயர், நிற்பதோ மலாய் அரசர்களின் மண்ணில்!

தென்னமரம்

இனி நம் கதைக்கு வருவோம். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய ஊர், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. அதன் பக்கத்தில் உள்ளது தென்னமரம் தோட்டம். 1905இல் மலாயாவுக்கு வந்த ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை, மலாய் மொழியோடு தமிழும் கற்றவர். 1917இல் அவர் இங்கே செம்பனை நட்டார். மலேசியாவில் வியாபார முறையில் நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் இதுதான். 1930இல் அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசைப் பெற்றது.

நாடெங்கும் பரந்து கிடக்கும் செம்பனைக்கு முதல் வீடு, தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டம்! செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர் இருப்பது வேடிக்கைதான். ஆனாலும் துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. குழி வெட்டிய கை, கன்று சுமந்த தோள், இவற்றின் பெயர் எங்கே இருக்கிறது?

பலகை இல்லாத கட்டடங்கள்

குன்றில் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் விளக்கப் பலகை உண்டு. நம் தோட்டங்களிலும் பழைய கட்டடங்கள் இருந்தன: லயத்து வீடுகள், விடியலில் ஆள் எண்ணிய பெரட்டுக் களம், ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைத்த ஸ்மோக் அவுஸ், பால் ஸ்டோர், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பல இடங்களில் தோட்டமே போய் வீடமைப்பு வந்துவிட்டது. ஸ்மோக் அவுஸ் இருந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில், 1942க்கும் 1943க்கும் இடையில், 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை போடப்பட்டது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. சுல்தான்களுக்குச் சமாதி இருக்கிறது. இவர்களுக்கோ, வீட்டுப் பெரியவர்களின் நினைவு ஒன்றுதான் சமாதி.

அந்த நினைவும் குறைந்துகொண்டே வருகிறது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவது 1938இல் தடை செய்யப்பட்டது. ஆகவே கங்காணியோடு கப்பலேறி வந்தவர் இன்று நம்மிடையே இருப்பது மிக அரிது. ஆனால் அவர்கள் மடியில் கதை கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் நம் கதை நச்சுக் கிணற்றுக் கதை மாதிரி ஆகிவிடும்: ஆண்டு இராது, பெயர் இராது, "இருந்துச்சாம்" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும்.

மாணவச் செல்வங்களே! இந்த விடுமுறையில் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, பெற்றோருடன் மலாவாத்திக் குன்றுக்குப் போய், பலகைகளைப் படித்துப் பாருங்கள். மற்றொன்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாட்டியிடமோ தாத்தாவிடமோ உட்காருங்கள். "நம்ம வீட்டுக்கு முதல்ல வந்தது யாரு? எந்த ஊர்லேர்ந்து? எந்தத் தோட்டத்துக்கு? சயாமுக்குப் போனவங்க யாராச்சும் உண்டா?" என்று கேட்டு எழுதுங்கள். எழுதிய தேதியையும் சொன்னவர் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

பெற்றோர்களே! பிள்ளை கேட்கும்போது, "அதெல்லாம் எதுக்கு, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். அதுவும் படிப்புதான். பெட்டியில் கிடக்கும் பழைய சிவப்பு அடையாள அட்டையையும், கல்யாணப் படத்தையும், கோயில் திருவிழா நோட்டீஸையும் குப்பையில் போடாமல் பத்திரமாக வையுங்கள். குன்றுக்குப் பலகை வைக்க அரசாங்கம் இருக்கிறது. நம் லயத்துக்குப் பலகை நாம்தான்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!